சாவு இராகம்

கணவரைத் திட்டச் சீதேவிப்பிள்ளையிடம் இருந்தது ஒரே சொல்: கூத்து. தேத்தண்ணி ஆறியிருந்தால் போதும், கதிர்காமத்தம்பி கொலுவுக்கு வந்த ராசாவைப்போலக் கையை ஓங்கி முழங்குவார். முள் குத்தினால் முழுத் தெருவுக்கும் கேட்கும். "இஞ்ச பாருங்க, கூத்துக் காட்டாதீங்க!" என்று அவள் கத்தாத நாளில்லை. சும்மாவா, தன்னாமுனை ஊர்க் கூத்தில் ராசா வேசம் என்றால் அவர்தான்.

அன்று காலைச் சுற்றிவளைப்பில் மகன் யோகராசாவை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முகாம் வாசலில் கதிர்காமத்தம்பி மண்ணில் விழுந்து, நெஞ்சில் அறைந்து, "ஐயோ, என்ட மகனே!" என்று அலறினார். பாவி மனிசனுக்கு அழுகைகூடத் தாளத்தோடுதான் வந்தது. அதிகாரி சிரித்துவிட்டான்.

தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் அதிகாரி சொன்னதைத் தமிழில் சொன்னான்: "நீ கூத்துக்காரனாம், நடிக்கிறியாம். மகன் செத்தா ராசா பாடுற பாட்டைப் பாடு. நல்லாப் பாடினா விடுறாராம்."

நாசமாய்ப் போவான்! உயிரோடு உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரியா? கூத்துக் களரியில் அதைப் பாடினாலே, தலைமுழுகாமல் வீட்டுக்குள் வரமாட்டார் அவர். பாடினால் சாவைக் கூப்பிட்டது மாதிரி. பாடாவிட்டால் பிள்ளை இல்லை. சீதேவிப்பிள்ளை கணவரின் பக்கம் குனிந்தாள். "பாடுங்க," என்றாள்.

அவர் எழுந்தார். அந்தச் சாவு இராகத்தையே இழுத்தார். கண்ணீர் கொட்டியது. ஆனால் சொற்கள்? அவள் திடுக்கிட்டாள். யோகராசாவைத் தொட்டிலில் ஆட்டியபோது பாடிய சொற்கள்! பால் குடித்து வளரச் சொன்னார், நூறு வயது இருக்கச் சொன்னார்.

அதிகாரி கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் சிப்பாயிடம் ஏதோ விசாரித்தான். சிப்பாய்க்குத்தான் தமிழ் விளங்குமே! தாலாட்டு என்று சொல்லிவிட்டால்? சிப்பாய் கிழவரை உற்றுப் பார்த்தான். பிறகு சிங்களத்தில் பதில் சொன்னான். 'மரண' என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது.

யோகராசா நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். கதிர்காமத்தம்பி அவன் தோளைப் பிடித்து, "வா மகன், போவம்," என்றார், மிகச் சின்னக் குரலில்.

வீடு வந்து சேரும்வரை அவரிடமிருந்து வேறு சத்தமே இல்லை. முற்றத்தில் வைத்து முள் குத்தியது. குனிந்து பிடுங்கி எறிந்தார், அவ்வளவுதான். சீதேவிப்பிள்ளை அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, ஒரு சத்தத்தையும் காணல்ல? கொஞ்சம் கூத்துக் காட்டுங்களன்," என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.