கிழக்கே நகர்ந்த சர்வேயர் அம்மா

சர்வேயர் அம்மா சமையலறைச் சுவருக்குள் புகுந்து கொல்லைப்புறம் போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, கரண்ட் போயிருந்த கொஞ்ச நேரத்தில். சுவரில் கீறல்கூட விழவில்லை. கையில் வைத்திருந்த தம்ளரும் அவரோடு சுவரைக் கடந்தது, தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. எதிர்வீட்டு டீச்சர் தன் வீட்டு மாடியிலிருந்து இதை முழுதாகப் பார்த்துவிட்டு, பாதி காய்ந்திருந்த துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் தெருவில் வெங்காய விலையைப் பற்றிப் பேசியபோது இதையும் சேர்த்துப் பேசினார்கள்.

இதற்கெல்லாம் காரணம் கணவரின் அரைத்தூக்கம் என்பதில் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே சர்வே கம்பெனியில் வேலை. தெரிந்த ஒரு புள்ளியில் ரேடியோவை நிறுத்தி, ஆண்டெனாவை உயர்த்தி, நாள் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர் பொறுப்பு. ஊர் அவரை ரேடியோக்காரர் என்றது. கருவி பூட்டிய கம்பத்தைத் தூக்கிக்கொண்டு முள்ளிலும் மேட்டிலும் அலைந்து அளப்பது அம்மாவின் பொறுப்பு. வானத்திலிருந்து வரும் கணக்கில் எவ்வளவு பிசகு என்று ரேடியோ ஓயாமல் கருவிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு வந்துகொண்டிருக்கும்வரை கருவிக்குத் தான் நிற்கும் இடம் விரற்கடை சுத்தமாகத் தெரியும். பேச்சு நின்றால் அது தடுமாறத் தொடங்கிவிடும். பேட்டரியை ஒட்ட உறிஞ்சிக் கெடுத்துவிட்டார் என்று கம்பெனியில் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து ரேடியோக்காரர் பேட்டரியைப் பச்சைக் குழந்தையாகப் பார்த்துக்கொண்டார். இதெல்லாம் தொடங்கிய நாள் காலை ரேடியோவின் அமைப்புகளுக்குள் போய், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே ரேடியோ தானாக அணைந்துகொள்ளும்படி எல்லையைத் தூக்கி வைத்தார். புது பேட்டரிக்கு அது சரி. அவரிடம் இருந்ததோ கிழட்டு பேட்டரி. மாற்று பேட்டரி கனமென்று ஜீப்பிலேயே விட்டுவிட்டார். சாப்பிட்டார், மரத்தில் சாய்ந்தார், கண் அசந்தார். ரேடியோ சொன்ன பேச்சைக் கேட்டுச் சமத்தாக அணைந்தது.

அந்த நேரத்தில் அம்மா மலையின் மூக்கில், பாறையில் அடித்திருந்த கடைசி அளவு முளையின் தலையில் கம்பத்தை நிறுத்தி, அது நேராக நிற்கிறதா என்று கருவியில் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். அளவு பாதி ஏறியிருந்தது. திரையில் காத்திருக்கவும் என்று வந்தது, அவரும் காத்திருந்தார். வெயில் சாய்ந்த பிறகு ரேடியோக்காரர் விழித்துப் பதறி மீண்டும் போட்டபோது அம்மா கீழே இறங்கி வந்தார், முகம் வெளுத்திருந்தது. “யாரோ என்னைப் பாதியில விட்டுட்டுப் போன மாதிரி இருக்குங்க” என்றார். வீட்டுக்கு வந்து, பெட்டியில் வைப்பதற்காக ரேடியோவை அணைத்ததும் முன்னறையில் நின்றுகொண்டிருந்த அம்மா, கால் அசையாமல், எண்ணெய்த் தரையில் வழுக்குவது போல மெதுவாகக் கிழக்கே நகர ஆரம்பித்தார். ரேடியோக்காரர் அலறிக்கொண்டு மறுபடி போட்டார். அம்மா நின்றார். அதுவரை நடந்து வந்தவரால் அதன் பிறகு அந்த இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. உட்காரலாம், படுக்கலாம், கையை வீசலாம். இடம் மட்டும் மாறாது. கிழக்கில்தான் அந்த முளை இருந்தது. திரும்ப அளந்தால் சரியாகிவிடும் என்று விடிந்ததும் ரேடியோக்காரர் மலைக்கு ஓடினார். குவாரிக்காரர்கள் அதிகாலையிலேயே வெடி வைத்திருந்தார்கள். முளை இருந்த பாறை ஜல்லியாகி லாரியில் போய்க்கொண்டிருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் ரேடியோ அணைந்ததே கிடையாது என்று சொல்ல ஆசைதான். மின்சாரம் என்ன நம் வீட்டு மாடா, கட்டிப்போட? ஒவ்வொரு தடவை அது போகும்போதும், பேட்டரி மாற்றும் இடைவெளியிலும், அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே போனார். போன தூரம் போனதுதான். இடுப்பில் கயிறு கட்டி நாலு பேர் இழுத்துப் பார்த்தார்கள். நாலு பேரும் தெருவிலிருந்து வாசல்வரை இழுபட்டதுதான் மிச்சம். அம்மாவின் அண்ணன் வெல்டர். அவர் வந்து தங்கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மாப்ளே, அவ நகர மாட்டா. வீட்டைத்தான் நகர்த்தணும்” என்றார். சொன்னபடி, சக்கரம் வைத்த தகரக் கூரை ஒன்று செய்துகொடுத்தார். கட்டிலும் அடுப்பும் அம்மாவின் பின்னாலேயே போயின. வருஷங்கள் ஓடின. முன்னறை, சமையலறை, கொல்லை, கிணற்றடி என்று குடித்தனம் கிழக்கே நடந்தது. மலையைத் தின்று முடித்த குவாரி மேற்கே நடந்து வந்தது.

கொல்லைக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில்தான் உண்மையான பயம் பிடித்தது. ஒரு மழை நாளில் நகர்ந்த அம்மா வாய்க்காலுக்கு மேலே வந்தும் இறங்கவில்லை, வீட்டுத் தரை மட்டத்திலேயே காற்றில் நின்றார். ரேடியோக்காரர் ஓடிப்போய் ரேடியோவை முழுச் சக்தியில் போட்டார். அந்த நொடியே அம்மா தொப்பென்று விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டார். அடுத்த முறை நகர்ந்தபோது பழைய மட்டத்துக்கே எழும்பினார். எல்லோருக்கும் கணக்குப் புரிந்தது. அணைத்தால் போய்விடுவார், போட்டால் விழுந்துவிடுவார். வாய்க்காலுக்கு அடுத்தது குவாரிப் பள்ளம். அதன் அடியில் நின்ற லாரிகள் மேலிருந்து பார்க்கத் தீப்பெட்டிபோல இருந்தன.

அன்று முதல் ரேடியோக்காரர் முழுச் சக்திக்குக் கீழே இறங்கவில்லை. ரேடியோப் பெட்டி அடுப்புப்போலச் சுட்டது, டீச்சர் வீட்டு டிவியில் படம் ஆடியது, அம்மாவுக்கு ஓயாமல் பல் கூசியது. “கொஞ்சம் கம்மி பண்ணுங்க, தாங்கல” என்று அவர் கெஞ்சும்போது மட்டும் குறைப்பார். குறைந்த சக்தியில் அம்மா தரையில் கால் படாமல் இரண்டு விரல் அகலத்துக்கு இப்படியும் அப்படியும் ஆடுவார், தொட்டிலில் படுத்தாற்போல சுகமாக இருக்கிறது என்பார். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் ரேடியோக்காரர் மறுபடி ஏற்றிவிடுவார். அன்று மலையில் தானாக அணைந்ததில் சூடு கண்டவர், பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் அணையவே கூடாது என்று அந்த எல்லையையும் எடுத்துவிட்டார். அதனால் அடிமட்டம்வரை வற்றி வற்றி ஒவ்வொரு பேட்டரியாகச் செத்தது. பயத்தில் அது அவருக்கு உறைக்கவில்லை.

பெருங்காற்று அடித்த ஒரு மத்தியானம் மின்கம்பங்கள் சாய்ந்தன. முதல் பேட்டரி சட்டென்று தீர்ந்தது. முழுசாக இருப்பதாகக் காட்டிய இரண்டாவது, மாட்டியதும் உயிரை விட்டது. வெல்டர் மச்சான் பட்டறையிலிருந்து லாரி பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, அம்மா எப்போதும் பக்கத்திலேயே வைத்திருந்த, கருவி பூட்டிய கம்பத்தை இறுகப் பிடித்தபடி குவாரி வேலியைக் கடந்துவிட்டிருந்தார். காலுக்குக் கீழே பள்ளம். தெருவே திரண்டு வந்தது, ஒருவரும் விளிம்புக்குப் பக்கத்தில் போகவில்லை. ரேடியோக்காரர் பேட்டரியை மாட்டிவிட்டார், ஆனால் ரேடியோவைப் போட விரல் வரவில்லை. போடாத ஒவ்வொரு நொடியும் அம்மா தள்ளிப் போய்க்கொண்டிருந்தார்.

“முழுசா வைக்காதீங்க!” என்று அம்மா கத்தினார். “விழுந்துருவேன்! கம்மியா வைங்க!”

“கம்மியா வெச்சா அங்க எட்டாதேம்மா!”

“எட்டலைன்னா நீங்க கிட்ட வாங்க!”

ரேடியோக்காரர் சக்தியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பெட்டியையும் பேட்டரியையும் பைக்குள் போட்டு முதுகில் மாட்டினார். சாகும்வரை தொடக் கூடாது என்று தான் நினைத்திருந்த அந்த அணையும் எல்லையைப் பழையபடி வைத்தார், இந்த பேட்டரியாவது பிழைக்கட்டும் என்று. பிறகு விளிம்புக்கு நடந்தார். அம்மா கம்பத்தின் முனையை நீட்டினார். அவர் கையில் இருப்பது எதுவும் விழாது என்பதைத் தம்ளர் காலத்திலிருந்தே ஊர் அறியும், ஆனாலும் மனுஷனை யாரும் மாட்டிப் பார்த்ததில்லை. ரேடியோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முனையைப் பிடித்தார், காலை எடுத்து வைத்தார். டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டார். மச்சான் உட்கார்ந்துவிட்டார்.

அவர் விழவில்லை. ரேடியோ முதுகில் முனகியது. இரண்டு பேரும் லேசாக ஆடிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கிழக்கே போய், ஓரிடத்தில் மெல்ல நின்றார்கள். மலையின் மூக்கு முன்பு இருந்த இடம் அது, பழைய முளை நின்ற அதே புள்ளி. கம்பத்தின் தலையிலிருந்த கருவி கூவி, இத்தனை வருஷமாகப் பாதியில் நின்ற அளவை முழுதாக எடுத்துக்கொண்டது. “குமிழி நடுவுல இருக்கு, அசையாதீங்க” என்று அம்மா அதட்டியது கரையில் நின்றவர்களுக்கே கேட்டது.

அளவு முடிந்தும் அவர்கள் இறங்கவில்லை. இறங்குவதற்குக் கீழே ஒன்றும் இல்லை. குவாரி மூடப்பட்டுவிட்டது, பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. மச்சான் விளிம்பிலிருந்து ஒரு கம்பியும் கப்பியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். காலையில் சார்ஜ் ஏறிய பேட்டரியும் சாப்பாடும் அதில் போகும், மாலையில் தீர்ந்த பேட்டரியும் பாத்திரங்களும் வரும். தபால்காரருக்குத் தொலைவாகக் கத்துவது பழகிவிட்டது. அம்மாவுக்குப் பல் கூச்சம் அறவே போய்விட்டது. ரேடியோக்காரர் மட்டும் பேட்டரி விளக்கை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை, மத்தியானத்தில் தூங்குவதும் இல்லை. காற்று பலமாக அடிக்கிற நாட்களில், அவர்கள் ஆடுவதைப் பார்க்கப் பயந்து, கிழக்குப் பார்த்த ஜன்னல்களைத் தெருவில் எல்லோரும் சாத்திவைக்கிறார்கள்.