எழுதி வைக்காத செலவு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. என் தங்கை வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பை அழுக்குத் துணியோடு என் வீட்டுக்கு வந்தாள். துணி சுற்றி முடியும்வரை சும்மா உட்கார அவளுக்கு வராது. பேசினாள். அதைத்தான் எழுதுகிறேன். நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தங்கை ராணுவத்துக்குப் பொருள் வாங்கும் அலுவலகத்தில் விலை அதிகாரி. ஒரு பொருளுக்குக் கேட்கும் விலை நியாயமானதுதான் என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் கோப்பு நகரும். விமானம், பீரங்கி எல்லாம் பெரியவர்கள் பார்க்கிறார்கள். இவள் பார்ப்பது கயிறு, வாளி, திருகாணி, கொக்கி. இது ஒரு கொக்கியின் கதை.

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

‘மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் அந்தத் தொழிற்கூடத்தின் இரும்புக் கதவை’

(மழை பெய்யவில்லை. கேட்டேன். “வெயில்க்கா. ஏன், மழை பெஞ்சா விலை குறையுமா?”)

‘ஒரு கொக்கியின் விலை என்ன? இந்த எளிய கேள்விக்குப் பின்னால் ஒரு தேசத்தின்’

(தேசம் வேண்டாம். கொக்கி போதும்.)

‘இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில்’

(அந்தப் பார்வையில் ஒன்றுமில்லை. இருவருக்கும் பசி. மதிய உணவு நேரம் தாண்டியிருந்தது.)

2

கதைக்குள் போகுமுன் ஒரு விஷயம் புரிய வேண்டும். எனக்கும் புரியாமல்தான் இருந்தது. தங்கை விளக்கினாள்.

“அரசாங்கம் ரெண்டு விதமா வாங்கும். ஒண்ணு கடைவிலை. வெளியில எல்லாரும் என்ன விலைக்கு வாங்குறாங்களோ அதே விலைக்கு நாமளும். உனக்கு எவ்வளவு செலவாச்சுன்னு கேக்க மாட்டோம். இன்னொண்ணு கணக்குவிலை. செலவையெல்லாம் சீட்டோட காட்டணும். அதுக்கு மேல நூத்துக்குப் பத்து லாபம் நாங்க சேத்துக் கொடுப்போம்.”

“கணக்கு காட்டுறதுதானே நேர்மை?”

“நீ பையனைத் தக்காளி வாங்க அனுப்புற. பில்லைக் கொண்டா, பில்லுல பத்துல ஒரு பங்கு உனக்குன்னு சொல்ற. அவன் எந்தக் கடைக்குப் போவான்?”

“விலை கூடின கடைக்கு.”

“ஆங். சரி, அது வேண்டாம், இந்தா காசு, மீதி எவ்வளவுன்னு கேக்க மாட்டேன்னு சொல்ற. அப்ப?”

“இருக்குறதுலயே மட்டமானதை வாங்கிட்டு வருவான்.”

“அவ்வளவுதான் என் உத்தியோகம். எப்படிக் கொடுத்தாலும் அழுகின தக்காளி வரும். எது கொஞ்சமா அழுகினதுன்னு நான் சொல்லணும்.”

(இந்த உவமை அவளுடையது. நான் இவ்வளவு நன்றாக யோசித்திருக்க மாட்டேன்.)

3

கொக்கி என்றால் சுவரில் சட்டை மாட்டுவது அல்ல. பாராசூட்டில் குதிக்கிறவரின் தோள்வாரைக் குடையோடு இணைப்பது. உள்ளங்கைக்குள் அடங்கும். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்களும் அதே கொக்கியைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் தொள்ளாயிரம். தங்கை எஃகை எடைபோட்டு, உலை, கூலி, மின்சாரம் எல்லாம் தோராயமாகக் கூட்டிப் பார்த்தாள். முந்நூற்றைம்பதைத் தாண்டவில்லை. அதனால்தான் நேரில் போனாள்.

தொழிற்கூடத்தை நடத்துவது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். ஆட்கள் முதலாளியம்மா என்கிறார்கள். தங்கை போனபோது அவர் ஒரு பழைய நாற்காலியின் காலுக்குக் கீழே அட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். ஆடாமல் நின்ற பிறகே அதில் உட்காரச் சொன்னார்.

“உங்களுக்கு இது எவ்வளவுக்கு முடியுது?” என்று தங்கை கேட்டாள்.

“கடையில தொள்ளாயிரம் மேடம்.”

“அது எனக்கும் தெரியும். உங்களுக்கு முடியிறதைக் கேட்டேன்.”

“கண்ணாடி துடைக்கிறவங்க யாரும் அதைக் கேட்டதில்லையே. வாங்குறாங்க, மாட்டுறாங்க, தொங்குறாங்க.”

“அவங்க பத்து வாங்குறாங்க. நாங்க பத்தாயிரம் வாங்குறோம்.”

“பத்தாயிரம் பேர் தொங்கினா எனக்குப் பயம் கூடுமா, குறையுமா?”

“மடியில கனமில்லைன்னா வழியில எதுக்கு பயம்? கணக்கைக் காட்டுங்க.”

முதலாளியம்மா சிரித்துவிட்டார். “கனம் இருக்கு மேடம். எழுந்து வாங்க.”

பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு குவியல். பாயை விலக்கினால் கொக்கிகள். இடுப்பு உயரத்துக்கு. சில முறிந்தவை. பெரும்பாலும் முழுசானவை, நீல மையால் கோடு போட்டவை.

விதி இப்படி: உலையிலிருந்து ஒரு தடவைக்கு நூறு கொக்கி வரும். அதில் இரண்டை இயந்திரத்தில் மாட்டி முறியும்வரை இழுக்க வேண்டும். குறித்த பாரத்துக்கு முன்னால் ஒன்று முறிந்தால், இன்னும் இரண்டை இழுக்கலாம். அவை தாங்கினால் மீதி எல்லாம் சரி. முதலாளியம்மா இரண்டை இழுப்பதில்லை. பத்தை இழுக்கிறார். பத்தில் ஒன்று முன்னால் முறிந்தாலும் நூறையும் நீல மை பூசி இங்கே கொட்டிவிடுகிறார். பிறகு உருக்கப் போகும்.

இழுவை இயந்திரத்தில் நின்றிருந்தவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “காலையில செய்றோம், சாயங்காலம் உடைக்கிறோம் மேடம். என் வீட்டுக்காரி கேக்குறா, அதுக்கு ரெண்டு வேளையும் தூங்கியிருக்கலாமேன்னு.”

“நீ வாயை மூடிக்கிட்டு இழு” என்றார் முதலாளியம்மா.

“வாயால எங்க இழுக்குறது? இயந்திரம்தான் இழுக்குது.”

தங்கை குவியலைச் சுற்றி வந்தாள். “இப்படி எத்தனை போகுது? எழுதி வச்சிருப்பீங்களே.”

“இல்ல.”

“மாசத்துக்கு, வருசத்துக்கு, ஏதாவது?”

“இல்ல மேடம்.”

“ஏன்?”

முதலாளியம்மா தார்ப்பாயை இழுத்து மூடினார். “எழுதினா நிறுத்திடுவேன்.”

“புரியல.”

“மாசக் கடைசியில கூட்டிப் பாப்பேன்ல? கூட்டிப் பாத்துட்டா எந்த மனுசியும் நிறுத்திடுவா.”

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க.”

“அளந்தா போட மனசு வராது. அதனாலதான் அளக்கல.”

4

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் அவரை முழுசாக நம்பிவிட்டேன். உடனே சந்தேகமும் வந்தது. நான் நம்புகிறேன் என்றால் அது அவர் நல்லவர் என்பதற்குச் சான்றா? எனக்கு அப்படி ஒருத்தி வேண்டியிருக்கிறது என்பதற்கா?

தங்கையிடம் படித்துக் காட்டினேன். “அந்தம்மா ஆம்பளையா இருந்தா நம்புவியா?” என்றாள்.

ஒரு பிற்பகல் முழுவதும் முதலாளியம்மாவை ஆணாக மாற்றி எழுதிப் பார்த்தேன்.

‘முதலாளி தார்ப்பாயை விலக்கினார். தங்க மோதிரம் வெயிலில்’

பாருங்கள். ஆணாக்கிய அடுத்த வாக்கியத்திலேயே விரலில் மோதிரம் போட்டுவிட்டேன். குவியலும் மாறிவிட்டது. இது பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிக் கொட்டியதாக இருக்கலாமே என்று அவரைப் பார்த்ததும் தோன்றியது. பெண்ணைப் பார்த்தபோது தோன்றவில்லை. அதே கொக்கி, அதே நீல மை, அதே பேச்சு.

ஆக, இந்தச் சாத்தியத்தை எழுதியே ஆக வேண்டும்: குவியல் ஒரு நாடகமாக இருக்கலாம். விலை அதிகாரி வருகிற தேதி முன்பே தெரியும். உருக்கப்போகும் கழிவை யாரிடமும் வாங்கலாம், மை பூசலாம். எழுதி வைக்கவில்லை என்பது ஒரு பெரிய மனதின் அடையாளமாக இருக்கலாம், அல்லது காட்ட எதுவும் இல்லை என்பதாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒரு தடயம் வைக்கலாம் என்று நினைத்தேன். குவியலின் அடியில் வேறு வடிவக் கொக்கி ஒன்று, அல்லது காயாத மை. தங்கை விடவில்லை.

“நானும் தேடினேன்க்கா. தடயம் ஒண்ணும் இல்ல. கொக்கி கொக்கியாத்தான் இருந்துச்சு. தடயம் இருந்திருந்தா நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேனே.”

* கதைக்கு அவசியமில்லாத குறிப்பு: பத்திரிகைகள் எனக்குத் தருவதும் கடைவிலைதான். எத்தனை தாள் கிழித்தாய் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பாதிக் கதைகளை எழுதியிருக்க மாட்டேன். அடித்துவிட்ட வாக்கியங்களை இந்தத் தடவை குவியலாக இங்கேயே விட்டிருக்கிறேன். இதையும் நாடகம் என்று நீங்கள் சொல்லலாம்.

5

இனி இதில் யாருக்கு என்ன ஆபத்து என்று சொல்ல வேண்டும்.

கணக்குவிலை என்றால், சீட்டு உள்ள செலவு மட்டுமே செலவு. முதலாளியம்மாவிடம் சீட்டு உள்ளது முந்நூற்று நாற்பதுக்கு. பத்து சதவீதம் சேர்த்தால் முந்நூற்று எழுபத்துநான்கு. அந்த விலைக்குப் பத்தை உடைத்து நூறைக் கொட்ட முடியாது. இரண்டைத்தான் உடைக்க முடியும்.

* ‘இனிமேல் எழுதி வைக்கட்டுமே’ என்று நீங்கள் நினைப்பீர்கள். தங்கையும் சொல்லிப் பார்த்தாள். ஆனால் விதி கேட்டதற்கு மேல் சோதித்தால் அதற்குக் கோப்பில் ‘விரயம்’ என்று பெயர். விரயத்துக்குச் சீட்டு இருந்தாலும் காசு வராது.

கடைவிலை என்றால், தங்கை தன் கையால் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: ‘இவ்விலை நியாயமானது எனத் திருப்தியடைகிறேன்.’ இதே வாக்கியத்தை எழுதிய பக்கத்து மேசைக்காரர் இப்போது விசாரணையில் இருக்கிறார். ஒரு வளையத்துக்கு அவர் ஒப்புக்கொண்ட கடைவிலை, விற்றவரின் மச்சான் கடையில் மட்டும் இருந்த விலை. அவருடைய நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது. தங்கை இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக் கடனையும் தனியாகச் சுமக்கிறவள்.

முதலாளியம்மாவின் ஆர்டரில் பாதிக்கு மேல் ராணுவத்துடையது. எந்த விலையிலும் கையெழுத்து இல்லையென்றால் அது வேறு நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் கணக்கு சுத்தம். நூற்றுக்கு இரண்டு உடைக்கிறார்கள், அதற்குச் சீட்டும் வைத்திருக்கிறார்கள்.

தங்கை தொலைபேசியில் அழைத்து, கணக்குவிலைக்கு ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள்.

“ஒத்துக்கலாம் மேடம். இருபத்திரண்டு பேருக்குச் சம்பளம் போடணும். ரெண்டை உடைச்சா போதும்னு சட்டமே சொல்லுது. சட்டத்துக்குத் தூக்கம் வருது. எனக்கு வரல. அது உங்க பிரச்சினை இல்ல.”

“இதுவரைக்கும் உங்க கொக்கி எங்கயாவது விட்டிருக்கா?”

“விடல.”

“ரெண்டை உடைக்கிறவங்க கொக்கி?”

“அதுவும் விடலன்னுதான் சொல்றாங்க. விட்டா யார் வந்து சொல்லப்போறா?”

இதைச் சொல்லிவிட்டுத் தங்கை என்னைப் பார்த்தாள். “பாத்தியா, எவ்வளவு அழகா பேசுது. அழகா பேசுறவங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்னு எங்களுக்குப் பயிற்சியிலயே சொல்லித் தந்திருக்காங்க. உங்க எழுத்தாளர் கூட்டத்துல சொல்லித் தர மாட்டாங்களா?”

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: தங்கை கடைவிலையில் கையெழுத்துப் போடுகிறாள். குவியலைப் பார்த்ததையும், பதிவு எதுவும் இல்லாததையும், தான் ஏன் நம்பினாள் என்பதையும் இரண்டு பக்கம் எழுதி இணைக்கிறாள். தணிக்கைக்காரர் அதைப் படித்து

இரண்டாம் முடிவு: கையெழுத்துப் போடவில்லை. ஆனால் விதியை மாற்றச் சொல்லி மேலே எழுதுகிறாள். இரண்டு பத்தாக வேண்டும், அப்போது அது விரயம் ஆகாது என்று. கடிதம் மேசை மேசையாக ஏறி

இரண்டையும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

“ரெண்டுலயும் நான் நல்லவளா இருக்கேனே. அது எப்படிக்கா?”

“நீ என் தங்கச்சி.”

“அப்ப நியாயமான விலை எதுன்னு நீயும் பாக்கல. உன் சரக்குங்கறதால கூட்டிப் போட்டுட்ட.”

அதனால் மூன்றாவதை எழுதினேன். இதில் அவள் நல்லவளுமில்லை, கெட்டவளுமில்லை. கோப்பின் ஓரத்தில் ‘மேலும் விளக்கம் தேவை’ என்று எழுதித் திருப்பி அனுப்புகிறாள். அது குற்றம் இல்லை. யாரும் அதற்காக விசாரிக்கப்பட்டதில்லை. கோப்பு போகிறது, வருகிறது. கெடு தேதி தாண்டுகிறது. ஆர்டர் தானாகவே சுத்தமான கணக்குக்காரர்களுக்குப் போகிறது. யாரும் முடிவெடுக்கவில்லை, முடிவாகிவிட்டது.

அதையும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

“இதை யாரு உனக்குச் சொன்னா?” என்றாள். “அந்த மூணு வார்த்தையை நேத்து பென்சில்ல எழுதினேன். அழிச்சிட்டேன். கோப்பு இன்னும் என் மேசையிலதான் இருக்கு. வெள்ளிக்கிழமைதான் கெடு. நீ எதையும் முடிவுன்னு போடாத. உன் கதையைப் படிச்சிட்டு நான் கையெழுத்துப் போட்டேன்னு இருக்க வேண்டாம்.”

“அப்ப கதையை எப்படி முடிக்கிறது?”

“அது உன் உத்தியோகம். என்னுதை நான் பாத்துக்குறேன்.” வைத்துவிட்டாள். கோபமாக வைத்தாளா, குக்கர் சத்தம் கேட்டு வைத்தாளா தெரியவில்லை.

7

அதனால் நான் முடிக்கவில்லை. கோப்பை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.

அவளுக்குத் தெரிந்தது எல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒரு சொல்கூட மறைக்கவில்லை. குவியலைப் பார்த்தீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. ஒரு பெண் பேசியதைக் கேட்டீர்கள். வேறு ஒருவரின் சுத்தமான கணக்கு பக்கத்தில் இருக்கிறது. குதிக்கப்போகிறவர்கள் யாரென்று உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவர்கள் மாட்டும்போது கொக்கியின் விலையைக் கேட்க மாட்டார்கள்.

கீழே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதுவது எண்ணப்படாது.

கடைவிலை ஏற்கப்பட்டது: ....................

கணக்குவிலை மட்டும்: ....................

கையெழுத்துக்குக் கீழே பெயரைப் படிக்கும்படி எழுதுங்கள். பிறகு கேட்பார்கள்.