ஏற்காட்டில் வைத்த பூ

விருத்தாசலத்திலிருந்து வேன் பிடித்து ஏற்காட்டுக்கு வந்த தேவநாதன், பேரப்பிள்ளைகளோடு படகுச் சவாரி முடித்துக் கரையேறியதும் திகைத்து நின்றார். ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வருவதாகச் சொன்ன மகள் மதிவதனியின் தலை நிறையப் பூ. பக்கத்தில், அவர் வேண்டாமென்று திருப்பியனுப்பிய ஸ்ரீமுஷ்ணத்து மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டோடு நின்றார்கள்.

"உங்ககிட்ட சொன்னா வூட்டு வாசல்லயே வேன நிறுத்திப்புடுவீங்கன்னுதான் சொல்லல," என்றாள் மனைவி பூங்கோதை.

"அதுக்காக என்னைப் புள்ளைங்களோட படகுல ஏத்தி வுட்டுட்டீங்களா?"

"பூ வச்சாச்சுப்பா. தட்ட மட்டும் நீங்க மாத்துங்க. அவங்க காத்திருக்காங்க," என்றான் மகன் குருமூர்த்தி.

"பூ வைக்க வேண்டாத அப்பன், தட்டு மாத்த மட்டும் எதுக்குடா?"

தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, சேலம் பஸ் நிற்கும் இடத்துக்குத் தனியே நடந்தார் தேவநாதன்.