கயிறில்லாப் பாட்டு

என் அண்ணன் துளசிங்கம் பாடினால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். உட்கார்ந்து கேட்கிற பாட்டே அல்ல அது. கடலுக்குள் அரைவட்டமாகப் பெரிய வலையை விட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையிலிருந்து இழுக்கும்போது, நடுவே ஈரமணலில் நின்று அவன் ஓர் அடி பாடுவான். வடகயிற்று ஆட்களும் தென்கயிற்று ஆட்களும் ‘ஏலோ’ என்று பதில் சொல்லி, குதிகாலை மணலில் ஊன்றி ஒரே இழுப்பாக இழுப்பார்கள். இரண்டு கயிறும் சமமாக வந்தால்தான் வலையின் வாய் நேராக நிற்கும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வாய் கோணிக்கொள்ளும், மீன் அந்தப் பக்கமாக வெளியே போய்விடும். அதனால் எங்கள் குப்பத்தில் படகு வைத்திருப்பவனைவிட நடுவில் நின்று பாடுகிறவனுக்கு மரியாதை அதிகம். நான் அவன் தங்கை தனக்கோடி. அந்தக் குரலை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஆளுக்கொரு காது. எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரிக்கு ஒப்பாரிதான் உயிர். முகம் தெரியாதவர் சாவுக்குக்கூட அடுத்த குப்பத்துக்கு நடந்து போவாள். ஓரமாக உட்கார்ந்து, நன்றாகப் பாடுகிறவளாகப் பார்த்துக் கேட்டுவிட்டு, விருந்து சாப்பிட்டவள் மாதிரி திரும்பி வருவாள். எங்கள் ஊர்த்தலைவர் ராஜவேலு நாட்டாருக்குப் பம்பை அடித்தால் போதும். பாட்டு ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று வெற்றிலைப் பையைத் துழாவுவார். எனக்கு அண்ணன் குரல். அண்ணி கோவிந்தம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. துளசிங்கத்தின் பெண்டாட்டிக்கு வேறு எந்தப் பாட்டு பிடிக்கப் போகிறது? அவள் தோணிரேவுப் பெண். அங்கே ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் வேலை நேரத்தில் வாய் திறப்பதில்லை, மீன் கலைந்துவிடும் என்பார்கள். அப்படிப்பட்ட ஊமை ஊரிலிருந்து வந்தவளுக்கு எங்கள் அண்ணன் குரல் கிடைத்ததே யோகம் என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

நானும் அவளும் காலையில் தோணியில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்கு மீன் விற்கப் போவோம். கோட்டைக்கு வெளியே ஒல்லாந்துக்காரர்களின் வீடுகள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு வீட்டுத் துரைசானி சன்னலுக்கு உள்ளே ஒரு மரப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அதன் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருப்பாள். பெட்டிக்குள் கம்பிகள் இருக்கின்றன, அதுதான் அப்படிச் சத்தம் போடுகிறது என்று அந்த வீட்டுச் சமையற்காரன் சொன்னான். சத்தம் கிடுகிடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், எங்கேயோ தப்பு வந்ததுபோல மறுபடி முதலிலிருந்து ஓடும். எனக்குப் பல் கூசும். யாரை அழைக்கிறது, யார் பதில் சொல்ல வேண்டும், ஒரு மண்ணும் புரியாது.

அண்ணி கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நிற்பாள். மீன் தண்ணீர் கழுத்தில் வழிந்தாலும் துடைக்க மாட்டாள். கண்ணை மூடுவது, தலையாட்டுவது ஒன்றும் கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்று யோசிக்கிறவள் மாதிரி இருப்பாள். வெயில் ஏறும், மீனின் கண் கலங்கிப் போகும், நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுப்பேன். கொஞ்சம் இரு என்பாள். அந்தக் கொஞ்சம் முடியவே முடியாது.

போகப் போக அவளுக்கு இருப்புக்கொள்ளாமல் போயிற்று. விடியுமுன்பே கூடையோடு வாசலில் நிற்பாள். சன்னல் சாத்தியிருந்த நாட்களில் எல்லோர் மேலும் எரிந்து விழுவாள். வீட்டில் குழம்பு தீயும். ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே அந்தப் பெட்டிச் சத்தத்தை மூக்கால் முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து, இது என்ன என்று கேட்டான். ஒல்லாந்து வீட்டில் கேட்டது என்றாள். நன்றாக இருக்கிறதா என்றான். அவள் கத்தியைக் கழுவிக்கொண்டே நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். எங்கள் அண்ணன் பாட்டை அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அன்றிலிருந்து அவனுக்கும் தூக்கம் போயிற்று. குரல் இறங்கிவிட்டதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். மிளகை மென்றான். கரையில் முன்னைவிடச் சத்தமாகப் பாடினான். பாடும்போது அண்ணி கயிறு பிடித்திருந்தால் அவள் முகத்தையே பார்த்தான். இழுக்கிறவர்கள் முகத்தில் மூச்சு வாங்குவது தெரியுமே தவிர வேறென்ன தெரியும்? அவளுக்கு என் பாட்டு பிடிக்குமா தனம் என்று கேட்டான். பிடிக்காமல் எங்கே போகிறாள் என்று அதட்டினேன். அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

கோடையில் ஒரு பெரிய ஒல்லாந்துக் கப்பல் வந்து கடலில் நின்றது. மூட்டை இறக்கக் குப்பத்து ஆண்களில் பாதிப்பேரைக் கோட்டைக்காரர்கள் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கரையோரம் கானாங்கத்தை மீன் கூட்டம் வந்து தண்ணீரே கறுத்துத் தெரிந்தது. இருந்த ஆண்கள் வடகயிற்றைப் பிடித்தார்கள். நாங்கள் பெண்கள் தென்கயிற்றைப் பிடித்தோம். தண்ணீருக்குப் பக்கத்தில் முதல் ஆளாக அண்ணி, அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மற்றவர்கள்.

தெற்குக் காற்று வீசும்போது தென்கயிற்றில் நிற்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நடுவில் பாடுகிறவன் குரலைக் காற்று வடக்கே அள்ளிக்கொண்டு போய்விடும். முன்னால் நிற்பவருக்கு மட்டும் கொஞ்சம் கேட்கும். மற்றவர்கள் அவர் குதிகாலைப் பார்ப்பார்கள். அது மணலில் ஊன்றியதும் ‘ஏலோ’ சொல்லி இழுப்பார்கள். எங்கள் வழக்கம் அது. அன்றைக்கு நான் அண்ணியின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வலையில் மீன் சேர்கிற மடி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது அந்தக் குதிகால் ஊன்ற வேண்டிய இடத்தில் ஊன்றாமல் நின்றது. அப்புறம் அவசரமாக இரண்டு தரம் ஊன்றியது. மறுபடி நின்றது. பெட்டிச் சத்தம் ஓடி நிற்குமே, அதே மாதிரி. நாங்கள் எல்லோரும் அந்தக் காலைப் பார்த்தே இழுத்தோம், நின்றோம், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். வலை வாய் கோணிக்கொண்டது. தெற்குப் பக்கமாகக் கானாங்கத்தை வெள்ளி வெள்ளியாகத் துள்ளிக் கடலுக்குள் போய்ச் சேர்ந்தது. வெறும் பாசியும் நண்டும் வலையில் கரையேறின.

பொழுது சாய்வதற்குள் நாட்டார் கரையிலேயே கூட்டம் போட்டுவிட்டார். இழுப்பைக் கெடுத்தவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். கயிறு பிடித்தவர் கெடுத்திருந்தால் அடுத்த அம்மன் திருவிழா வரை கயிற்றைத் தொடக் கூடாது. பாடுகிறவன் கெடுத்திருந்தால் நடுவிடம் அவனை விட்டுப் போய்விடும், திரும்ப வராது. எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவளும் எழுந்து நின்றுவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தான்.

“நான்தான் தப்புப் பண்ணேன். பாட்டு நடுவுல வுட்டுப்போச்சி,” என்றான்.

வடகயிற்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் பாட்டைக் காதாரக் கேட்டு இழுத்தவர்கள் அவர்கள். யோசித்துச் சொல் துளசிங்கம் என்றார் நாட்டார். அவன் அதையே மறுபடி சொன்னான். நடுவிடம் கருப்பனுக்குப் போயிற்று. கருப்பன் நல்லவன்தான், ஆனால் அவன் பாடினால் ஆடு தொண்டையில் முள் மாட்டிக்கொண்டு கத்துவதுபோல இருக்கும். எனக்கு நெஞ்சு எரிந்தது. அண்ணியிடம் பேச்சை நிறுத்தினேன். அண்ணனைத் தனியாகப் பிடித்து, பெண்டாட்டி மேல் அவ்வளவு ஆசையா, ஒரு வருஷம் கயிறு தொடாமல் இருந்தால் செத்தா போவாள் என்று கேட்டேன்.

“ஆசைன்னு வெச்சிக்கோ. அவ பேரு அடிபட்டா இன்னா சொல்வாங்கோ? கட்னவளுக்கே இவன் பாட்டு புடிக்கலன்னு சொல்வாங்கோ. அத்த கேட்டுனு நான் எப்பிடி நடுவுல நிக்கறது?”



கொஞ்ச நாள் அவன் கடற்கரைப் பக்கமே போகவில்லை. போனாலும் கருப்பன் பாடுகிற நேரத்தில் எங்காவது நடந்துகொண்டே இருப்பான். ஒருநாள் காலை எங்கள் தோணியில் அவனாகவே வந்து ஏறி, கழியை எடுத்து ஊன்றித் தள்ளினான். பழவேற்காட்டில் எங்களோடு அந்தச் சன்னலுக்கு வெளியே வந்து நின்றான். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, துரைசானி வாசித்துக்கொண்டிருந்தாள். அவன் கவனமாகக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் விரல்கள் மூடி மூடித் திறந்தன. பிடிப்பதற்கு ஏதோ தேடுகிற மாதிரி இருந்தது. குதிகால் ஒருமுறை மண்ணில் ஊன்றியது, இடம் தப்பி நழுவியது. இவன் வாயால் இது நாராசம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

“நல்லாத்தான் கீது,” என்றான். “ஆனா இத்த வெச்சிக்கினு எதையும் இழுக்க முடியாதே.”

“அதுக்குத்தான் கேக்கறேன்,” என்றாள் அண்ணி.

அவன் திரும்பிப் பார்த்தான்.

“நீ பாடுனா என் கையி தானா கயித்தத் தேடுது. தூக்கத்துல கேட்டாக்கூட தோளு வலிக்குது. உன் பாட்ட நான் ஒரு நாளும் சும்மா கேட்டதில்ல. நல்லா கீதா இல்லையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

திரும்பி வரும்போதும் அண்ணனே கழியை ஊன்றித் தள்ளினான். ஏரி நடுவில் வந்ததும் அண்ணி அவனைப் பார்த்து, கழியை வைத்துவிட்டுப் பாடச் சொன்னாள். எதற்கு என்றான். எதற்கும் இல்லை, சும்மா பாடு என்றாள். அவன் என்னைப் பார்த்தான். பாடு அண்ணே, இவள் காதுக்கு இப்போதாவது புத்தி வரட்டும் என்றேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவன் கழியைத் தோணிக்குள் வைத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையில் வைத்தான், பிறகு எடுத்து மார்பில் கட்டினான், அதையும் அவிழ்த்தான். வடக்கே மேகம் கூடுவதைப் பற்றி அவன் எப்போதும் ஆரம்பிக்கிற முதல் அடியைப் பாடி நிறுத்தினான். கரையில் நாங்கள் எல்லோரும் பதில் சொல்கிற இடம் அது. இங்கே யாரும் இல்லை. தோணி காற்றில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ‘ஏலோ’ என்று தொண்டைவரை வந்துவிட்டது. அண்ணி மீன் வாடை அடிக்கிற கையால் என் வாயைப் பொத்தினாள்.

வெகுநேரம் கழித்து அவனாகவே இரண்டாவது அடியை எடுத்தான். குரல் எழும்பவில்லை. நடுவில் மூச்சு அறுந்தது. கரையில் கேட்ட குரலில் பாதிகூட இல்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணி என் வாயிலிருந்து கையை எடுக்காமல் மூன்றாவது அடிக்காகக் காத்திருந்தாள்.