பின்பக்கத்துப் பரீட்சை

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கையில், தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஹெட்கிளார்க் எடுத்து வைத்த காகிதத்தைப் பார்த்ததும் குருசாமிக்கு வயிறு எரிந்தது. எல்லாம் பழைய படிவங்கள். போன வருஷத்து வருகைக் கணக்குக்காகக் கட்டம் கட்டமாக அடித்து மிஞ்சியவை. பின்பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்தப் பின்பக்கத்தில்தான் ஏழாம் வகுப்பு ஸ்காலர்ஷிப் பரீட்சையின் கணக்கு வினாத்தாளை அடிக்க வேண்டுமாம்.

எழுபத்து நாலாம் வருஷம். நோட்டுப் புத்தகத்துக்குப் பிள்ளைகள் கடை கடையாக அலைந்த காகிதப் பஞ்சக் காலம். கேரளத்துத் தேவிகுளத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஏறினால் வருகிற கொழுந்துமேட்டுக் கல்வி ஆபீஸிலும் பஞ்சம் இருந்தது நிஜம்தான். ஆனால் பஞ்சத்திலுமா பந்தி வஞ்சனை? மலையாளத்தில் படிக்கிற ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு அலமாரியிலிருந்து புது வெள்ளைத்தாள் வந்தது. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளின் தமிழ்ப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேருக்குப் பின்பக்கம் வந்தது.

குருசாமி அந்த ஆபீஸின் சைக்ளோஸ்டைல் மெஷின்காரன். மெழுகுத்தாளில் ஊசியால் எழுதி, உருளையில் மாட்டி, மை தடவிக் கைப்பிடியைச் சுற்றினால் தாள் தாளாகப் பிரதி விழும். இன்ன காகிதம் மையைக் குடிக்கும், இன்னது குடிக்காமல் ஈஷும் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவான். அவன் கண் மேஜைக்கு அடியில் கிடந்த பழுப்புத்தாள் கட்டின்மேல் இருந்தது. பழைய தாளையும் கந்தலையும் கூழாக்கிச் செய்த காகிதம். ஏதோ ஒரு சின்ன மில்லிலிருந்து மாதிரிக்கு வந்தது. பார்க்க அழுக்காக இருக்கும். ஆனால் தடிமன், மையை அழகாகக் குடிக்கும், அடுத்த பக்கம் எட்டிப் பார்க்காது.

"சார், இந்தப் படிவம் ரொம்ப மெலிசு சார். மை எண்ணெய் ஏறுச்சுன்னா முன்பக்கத்துக் கோடெல்லாம் இந்தப் பக்கம் தெரிஞ்சுரும். பேசாம இந்தப் பழுப்புப் பேப்பரைக் குடுங்க."

ஹெட்கிளார்க் அனந்தநாராயணன் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். அவருக்கும் வீட்டில் தமிழ்தான். அதுதான் குருசாமிக்கு இன்னும் எரிச்சல்.

"போடா அசடே, அது அரைச்ச பேப்பராக்கும். மீன் பொதியற பேப்பர்ல சர்க்கார் பரீட்சை நடத்தினா நாலு பேர் சிரிக்க மாட்டாளா? இது வெள்ளையா இருக்கோல்லியோ? போரும்."

குருசாமி விடவில்லை. படிவத்தில் ஒரு சொட்டு மையும் பழுப்புத்தாளில் ஒரு சொட்டு மையும் விட்டு, பத்து எண்ணித் திருப்பிக் காட்டினான். படிவத்தின் மறுபக்கம் காசளவு கறை. பழுப்புத்தாளில் ஒன்றுமில்லை.

"சாரமில்லை, போகட்டும். இருபத்து மூணு எஸ்டேட் பிள்ளைகளுக்கு இதுவே ஜாஸ்தி. அடி."

குருசாமி அடித்தான். அடிக்காமல் என்ன செய்வான்? அவனுடையது நூற்றெழுபத்தொன்பது நாள் தற்காலிக வேலை. அதற்கு மேல் நீட்டுவதும் வீட்டுக்கு அனுப்புவதும் ஹெட்கிளார்க் எழுதும் குறிப்பில் இருந்தது. அவன் அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டிருந்தாள். இந்த வேலை நிலைத்தால் அவளைக் கூடையை இறக்கச் சொல்லலாம் என்று இருந்தான்.

மூன்று வாரம் கழித்து வேலுத்தாய் டீச்சர் ஆபீஸ் படியேறி வந்தாள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அவள்தான் எல்லாம். கையில் ஒரு மெமோ. எட்டாவது கணக்குக்கு இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரே தப்பு விடையை எழுதியிருக்கிறார்களாம். விடை நூற்றிருபது. எல்லாரும் இருநூற்றெழுபது என்று எழுதியிருந்தார்கள். ஆகவே டீச்சரே தப்பாகச் சொல்லிக் கொடுத்து எழுத வைத்திருக்கிறாள், பரீட்சை ரத்து, அவள்மேல் விசாரணை.

"நான் சொல்லிக் குடுத்தேனாம் குருசாமி! சொல்லிக் குடுக்கிறவ தப்பாவா சொல்லிக் குடுப்பா? பிள்ளைங்களுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிட்டா நாளைக்கு எந்த ஹைஸ்கூலு சேத்துக்கும்?"

அவள் கையில் ஒரு பிள்ளையின் வினாத்தாள் இருந்தது. குருசாமி வாங்கிப் பார்த்தான். எட்டாவது கணக்கு. 'ஒரு தொழிலாளி ஒரு நாளில் 8 கிலோ கொழுந்து பறித்தால், 15 நாளில் எவ்வளவு?' அவன் கையாலேயே ஊசியில் எழுதிய எட்டு. அந்த எட்டுக்கு முன்னால் ஒட்டினாற்போல ஒரு கோடு நின்றது. முன்பக்கத்துக் கட்டத்தின் கோடு, மை எண்ணெய் ஊறிய அந்த இடத்தில் மட்டும் கறுத்து, அச்சு அசலாக ஒன்றைப் போல இருந்தது. இருபத்து மூன்று தாளும் ஒரே படிவம். ஆகவே இருபத்து மூன்றிலும் ஒரே இடத்தில் அதே கோடு.

"டீச்சர், இது எட்டு. பதினெட்டு இல்ல."

வேலுத்தாய் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது.

"எட்டா? எந்த ஊருல ஒருத்தி ஒரு நாளு முழுக்க எட்டு கிலோ பறிப்பா? எட்டு கிலோவோட போய் நின்னா சூப்பர்வைசரு தராசுல கூடையத் தொங்கவே விடமாட்டாரு. எம்பிள்ளைங்க அம்மாமாருக்குச் சோறு கொண்டுபோயி நிக்கிற பிள்ளைங்கப்பா. பதினெட்டுன்னு பாத்தா அதுதான் சரின்னு போட்டிருக்குங்க!"

உண்மைதான். சமவெளியில் உட்கார்ந்து கணக்குப் போட்டவருக்கு எட்டு கிலோ போதுமாக இருந்தது. லயத்துப் பிள்ளை ஒன்றுக்காவது அந்த எட்டின்மேல் நம்பிக்கை வந்திருக்காது.

விசாரணைக்குக் கோட்டயத்திலிருந்து ஒரு மேலதிகாரி அம்மாள் வந்தாள். கண்டிப்பான முகம். ஹெட்கிளார்க் கோப்பைத் திறந்து, விடைத்தாள்களை வரிசையாகப் பரப்பி, எஸ்டேட் பள்ளிக்கூடங்களில் ஒழுங்கு என்பதே கிடையாது என்று மலையாளத்தில் நீட்டி முழக்கினார். வேலுத்தாய் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கூப்பிடாமலே குருசாமி உள்ளே போனான். போவதற்கு முன்னால் வாசலில் நின்று நாள் எண்ணிப் பார்த்தான். நூற்றெழுபத்தொன்பதில் இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"அம்மா, ஒரு நிமிசம். ஹெட்கிளார்க் சாருக்கும் தமிழ் தெரியும். அந்த எட்டாங் கணக்க அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்க."

அந்த அம்மாள் கண்ணைக் காட்டினாள். அனந்தநாராயணன் அலட்சியமாகக் கோப்பிலிருந்த வினாத்தாளை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"ஒரு தொழிலாளி ஒரு நாளில் பதினெட்டு கிலோ..."

அதோடு அவர் வாய் நின்றுவிட்டது. மூல வினாத்தாளில் எட்டு என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மாள் தாளை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பினாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், மறுபடியும் திருப்பினாள். யார் இந்தத் தாளைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டாள்.

"பேப்பர்ல ஒண்ணுமில்லை. இவன் மையை ஜாஸ்தியாப் போட்டுட்டான்" என்றார் அனந்தநாராயணன். கொஞ்சமும் கூசவில்லை மனுஷன்.

டீச்சர்மேலும் பிள்ளைகள்மேலும் குற்றமில்லை, திங்கட்கிழமை மறுபரீட்சை என்று அந்த அம்மாள் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். வேலுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். குற்றம் யார்மேல் என்று மட்டும் அந்த அதிகாரி அம்மாள் எழுதாமல் போய்விட்டாள். அந்தக் காலி இடத்தை நிரப்ப ஹெட்கிளார்க்குக்கு ஒரு பொழுதுகூட ஆகவில்லை.

மறுநாள் அவர் குருசாமியிடம் ஒரு வரைவை நீட்டினார். மெஷின் வேலையில் கவனக்குறைவு காட்டிய தற்காலிக ஊழியர் இன்னாருக்குப் பணி நீட்டிப்பு இல்லை. இது எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் எச்சரிக்கை. அறுபத்திரண்டு பிரதி. கூடவே அலமாரியைத் திறந்து புது வெள்ளைத்தாள் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

"வெள்ளைப் பேப்பருலயா சார்?"

"பின்னே? அறுபத்திரண்டு ஸ்கூலுக்குப் போற உத்தரவாக்கும். பார்க்க கண்ணியமா இருக்க வேண்டாமோ?"

"திங்கக்கிழமைப் பரீட்சைக்கு?"

"அந்தப் பழைய படிவம் இன்னும் கிடக்கே. இந்தத் தரம் மையைக் குறைச்சுப் போடு."

குருசாமி வரைவை ஒருமுறை படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இருபத்து மூணு பிள்ளைங்களுக்கு இல்லாத பேப்பரு என்னைய வெளிய தள்ளுறதுக்கு எங்கிட்டு இருந்து சார் வந்துச்சு? கல்பாத்தியில உங்க வீட்டுப் பிள்ளைன்னா பின்பக்கத்துல பரீட்சை எழுத விடுவீங்களா?"

அனந்தநாராயணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குருசாமி காத்திருக்கவில்லை. வெள்ளைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு மெஷினிடம் போனான். பழுப்புத்தாள் போதும்தான். அவனே கேட்டதுதான். ஆனால் இன்றைக்கு அவனுக்கு அது மைக் கணக்காகத் தெரியவில்லை, மானக் கணக்காகத் தெரிந்தது. புது மெழுகுத்தாளில் மறுபரீட்சை வினாத்தாளை நிதானமாக எழுதி, உருளையில் மாட்டி, இருபத்து மூன்று தாள் சுற்றினான். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உறையில் போட்டு, அரக்கு வைத்து, கல்வி ஆபீசர் மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்கினான்.

பிறகு அந்த வரைவை மெஷின்மேல் வைத்தான்.

"உங்க உத்தரவ நீங்களே சுத்திக்கோங்க சார்."

பன்னிரண்டாம் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே வெளியே வந்தான். அடுத்த வாரம் தேயிலை ஃபாக்டரியில் சலிக்கிற வேலையில் சேர்ந்தான். அம்மா கூடையை இறக்கவில்லை. அந்த வருஷம் லயத்திலிருந்து ஒன்பது பிள்ளைகள் ஸ்காலர்ஷிப் வாங்கி ஹைஸ்கூலுக்குப் போனார்கள். குருசாமியின் கவனக்குறைவைப் பற்றிய உத்தரவு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேரவில்லை. அதை அடிக்கத் தெரிந்த ஆள் அந்த ஆபீஸில் வேறு யாரும் இல்லை.