சூட்டோடு வந்த பால்

புத்தூர்ப் பக்கத்துச் சின்னப் பால் சங்கம் ஒன்றின் கரும்பலகையில் குணலட்சுமியின் பெயர் இரண்டாம் தடவையாக ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. தலைப்பு, தலைவர் நமசிவாயத்தின் கைப்பட, முத்து முத்தான எழுத்தில்: 'பாலில் நீர் கலந்தோர்.' மூன்றாம் தடவை ஏறினால் அங்கத்துவம் ரத்து என்று கீழே சிவப்புச் சோக்கில் இருந்தது. சங்கம் சிவப்புச் சோக்கு வாங்கியதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

குணலட்சுமி தன் ஐம்பத்திரண்டு வயதுக்குள் பொய் சொல்லாதவள் அல்ல. மச்சாளின் சேலை நிறம் அழகு என்று சொல்லியிருக்கிறாள். கனடாவிலிருந்து வந்த மாமா இளைத்துப் போனார் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் பாலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. இப்போது ஊரே பால் கொண்டு வந்து, அவளுடைய பெயரை வாசித்துவிட்டுப் போகிறது.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு நகர்த்தி ஓய்வுபெற்ற நமசிவாயம், கொழும்பில் ஒருநாள் கருத்தரங்குக்குப் போய், ஒரு சான்றிதழோடும் ஒரு பெட்டியோடும் திரும்பியிருந்தார். பெட்டிக்குள் பால்மானி என்ற கண்ணாடிக் குச்சி, அதை மிதக்கவிட ஒரு நெட்டைக் குவளை, ஒரு வெப்பமானி. மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, தலைவர் அரைமணி நேரம் பேசினார். பிறகு குச்சியும் குவளையும் மேசைக்குப் போயின. வெப்பமானியை, "உது ஒஃபீசுக்கு" என்று சொல்லித் தன் கதிரைக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டார். தினமும் காலையில் அதைப் பார்த்து, "இண்டைக்கு இருபத்தெட்டுப் பாகை" என்று அறிவிப்பார். அவர் அனுமதித்தபடியால்தான் இருபத்தெட்டு என்பதுபோல இருக்கும்.

சோதனை எளிது. பாலில் குச்சியை விட வேண்டும். இருபத்தாறுக்கு மேல் காட்டினால் நல்ல பால். தண்ணீர் கலந்திருந்தால் பால் ஐதாகி, குச்சி தாழ்ந்து, இலக்கம் குறையும். பலகையில் ஏறிய மூன்று பேரும் சங்கத்தின் பால் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள். அதற்கும் தலைவரிடம் ஆராய்ச்சி இருந்தது.

"கிட்ட இருக்கிற ஆக்களுக்குத்தான் துணிவு கூட," என்றார். "தூரத்து ஆக்களுக்குப் பயபக்தி இருக்கு."

புதன்கிழமை குணலட்சுமி பால் கறந்து வைத்த கையோடு கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வெங்காயப் பாத்திக்குள் பாய்ந்தது. அதைப் பிடித்துக் கட்டி, பாத்திக்காரரிடம் ஏச்சு வாங்கி முடிய ஒரு மணி நேரம். நிலையம் பூட்டப்போகிற நேரத்தில், மூன்றாவது தடவையும் ஏறத்தான் போகிறது என்ற எண்ணத்தோடு பாலை நீட்டினாள். பால் அளக்கிற சுதாகரன் குச்சியை விட்டான், குனிந்து பார்த்தான், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"இருபத்தேழரை அக்கா."

"நேற்று எவ்வளவு?"

"இருபத்தைஞ்சரை."

தலைவர் கதிரையில் சாய்ந்தார். "பாத்தியளே, பலகை வேலை செய்யுது. பிள்ளை திருந்தீட்டா."

கள்ளி என்று சொன்னதைக்கூட அவளால் பொறுக்க முடிந்தது. திருந்திவிட்டாள் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதே பசு, அதே தவிடு, அதே வாளி. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது அந்த ஒரு மணி நேரம் மட்டும். அந்த நேரத்தில் பாலுக்கு என்ன நடந்தது? ஆறியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. வழியெல்லாம் சைக்கிளை உருட்டியபடி அதையே யோசித்தாள்.

வியாழன் விடிய ஒரே கறவையை இரண்டு கேத்தலில் பிரித்தாள். ஒன்றைக் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் இறக்கி, கைக்குச் சூடு தெரியாமல் போகும்வரை வைத்தாள். மற்றதைத் துவாயால் சுற்றி, மடிச்சூடு போகாமல் காத்தாள். இரண்டையும் கொண்டுபோய் வரிசையின் முன்னால் வைத்தாள்.

"ரெண்டும் பார் தம்பி."

துவாயால் சுற்றிக் கொண்டுவந்தது இருபத்தைந்தரை. ஆறினது இருபத்தேழரை.

"ரெண்டும் ஒரே பசுவின்ரை பால்," என்றாள் குணலட்சுமி. "இல்லை, ஒரு பசு ஒரே நேரத்திலை நல்ல பாலும் கள்ளப் பாலும் கறக்கும் எண்டால், அதுக்கும் ஒரு சான்றிதழ் குடுங்கோ தலைவர்."

வரிசை சிரித்தது. சுதாகரன் குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதிலை சின்னனா இருபத்தொம்பது எண்டு கிடக்கு."

"அது கொம்பனியின்ரை நம்பர்," என்றார் தலைவர்.

"பக்கத்திலை பாகை போட்டிருக்கே."

பெட்டியைக் கவிழ்த்துப் பஞ்சை எடுத்தபோது அடியில் மடித்த தாள் ஒன்று இருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. சுதாகரன் எழுத்துக் கூட்டி வாசித்தான். குச்சி இருபத்தொன்பது பாகையில் உள்ள பாலுக்குச் செய்தது. பால் அதைவிடச் சூடென்றால், கூடின ஒவ்வொரு பாகைக்கும் கண்ட இலக்கத்தோடு ஐந்திலொன்று கூட்ட வேண்டும். குளிரென்றால் அதேபோலக் கழிக்க வேண்டும்.

"ஏனாம்?" என்றாள், பலகையில் இரண்டாவது பெயருக்குச் சொந்தக்காரியான உதயகலா.

"சூட்டிலை பால் விரியுதாம் அக்கா. விரிஞ்சால் ஐதாகுது, குச்சி தாழுது. ஆறினால் சுருங்கி இறுகுது, குச்சி மேலை நிக்குது."

"அப்ப நாங்கள் செய்த குற்றம் நேரத்துக்கு வந்தது," என்றாள் உதயகலா. "பக்கத்து வீடு. கறந்த சூடு ஆற முதல் வந்திடுறம்."

குணலட்சுமி தலைவரின் கதிரைக்குப் பின்னால் போய், கேட்காமலே வெப்பமானியை ஆணியிலிருந்து கழற்றினாள். நுனியில் சந்தனப் பொட்டு காய்ந்து பொருக்காகியிருந்தது. நகத்தால் சுரண்டி, கழுவி, சூட்டுப் பாலுக்குள் விட்டார்கள். முப்பத்தெட்டு. ஒன்பது பாகை கூட. ஐந்திலொன்றாய்ப் பார்த்தால் ஒன்று புள்ளி எட்டு. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் உரத்துக் கணக்குப் பார்க்க, நான்கு விதமான விடை வந்து, கடைசியில் இருபத்தேழு புள்ளி மூன்றில் சமாதானமானார்கள். நல்ல பால்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வீட்டுப் பால் ஓட்டோவில் வந்து இறங்கியது. ஊரின் மறு அந்தத்திலிருந்து வருகிற பால். ஒருநாளும் இருபத்தெட்டுக்குக் கீழே போனதில்லை.

"இருபத்தெட்டு," என்றான் சுதாகரன்.

"பாத்தியளே," என்றார் தலைவர்.

"தெர்மோமீற்றரையும் விடு தம்பி," என்றாள் உதயகலா.

பதினான்கு. பதினைந்து பாகை குறைவு. மூன்று கழிக்க வேண்டும். இருபத்தைந்து. குணலட்சுமி கேத்தலைத் தூக்கி மெதுவாக ஆட்டினாள். உள்ளே கலகலவென்று ஏதோ உரசியது.

"என்ன தலைவர் உள்ளுக்கை?"

"ஐஸ். பால் பழுதாகக் கூடாதெண்டு நான்தான் போடச் சொன்னனான். கருத்தரங்கிலை சொன்னவை, உடனை குளிராக்க வேணுமாம்."

"பாலுக்குள்ளை போடச் சொன்னவையோ?"

"அது... விளக்கமாச் சொல்லேல்லை. சாப்பாட்டு நேரம் வந்திட்டுது."

"ஐஸ் எதாலை செய்யிறது தலைவர்?"

நமசிவாயம் வாயைத் திறந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் எந்தக் கேள்விக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதிய மனிதர். இந்தக் கேள்விக்கு அது பொருந்தவில்லை.

"தண்ணியாலை," என்றார்.

நிலையத்தின் தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். ஓட்டோக்காரர் இறங்கி வந்து, என்ன பகிடி என்று கேட்டுவிட்டு, அவரும் சிரித்தார். தலைவர் வீறாப்புக்காரர்தான். ஆனால் எழுதி வைத்த விதி என்றால் தன் கழுத்துக்கே வந்தாலும் கையொப்பம் போடுகிறவர். எழுந்துபோய் மூன்று பெயரையும் துடைத்தார். தலைப்பின் கீழே, அதே முத்தெழுத்தில், இ. நமசிவாயம் என்று எழுதினார். எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

"என்ரை பேர் இன்னும் தெரியுது," என்றாள் குணலட்சுமி. "ஈரத்துணியாலை துடையுங்கோ."

ஈரத்துணி வந்தது. பலகை கறுத்துப் பளபளத்தது. அவள் நகரவில்லை.

"அதுதான் துடைச்சாச்சே பிள்ளை."

"ஈரத்திலை தெரியாது. காய்ஞ்சாப் பிறகு பாப்பம்."

அடுத்த வீட்டிலிருந்து உதயகலா தேநீர்ப் பாத்திரத்தோடு வந்தாள். குணலட்சுமியின் சூட்டுப் பாலைக் காய்ச்சி ஊற்றி, தலைவர் உட்பட எல்லோருக்கும் கொடுத்தாள். பலகையைத் தூக்கி வெயிலுக்குள் சாத்தி, அதற்கு முன்னால் நின்று ஊதி ஊதிக் குடித்தார்கள். ஓரத்திலிருந்து மெல்ல வெளிறிக்கொண்டு வந்த பலகையில், நடுவில் மங்கலாக ஒரு 'கு' எழும்பியது.

"கிடக்கு," என்றாள் குணலட்சுமி.

நமசிவாயம் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, துணியை மறுபடி நனைத்தார்.