சாமிதுரையின் கட்டம்

மூத்த மகள் வயசுக்கு வந்த அன்று, "தாய்மாமன் சீர் யாரு வைக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள். அன்றோடு நல்லமுத்து பேச்சை நிறுத்திவிட்டான். மூன்று மாதமாகப் பீங்கான் சூளை வேலைக்கும் போகவில்லை. பூசாரி, வைத்தியர் என்று அலைந்து ஓய்ந்து, 1974 ஆடியில் அவன் மனைவி கனகா அவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

அங்கே குடும்ப விவரம் கேட்டு எழுதும் கோமளம், ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாக ஒரு தாளில் வரைந்துகொண்டே வந்தாள்.

"குடும்பத்துல யாராவது ஜெயிலுக்குப் போயிருக்காங்களாம்மா?"

கனகாவின் முகம் சுண்டிப்போனது. மறைத்தால் வைத்தியம் பலிக்காமல் போய்விடுமோ என்று பயந்தாள்.

"என் தம்பிங்க, சாமிதுரை. கூலித் தகராறுல மேஸ்திரிய மம்பட்டியால அடிச்சிட்டான். ஆளு செத்துட்டாரு. ரெண்டாம் வருசம் உள்ளயே மஞ்சக்காமாலை வந்து இவனும் போயிட்டான்."

"போய்ப் பாத்தீங்களா?"

"தலகுனிய வெச்சிட்டானேன்னு போவலீங்க. பொணத்த வாங்கிக்கச் சொல்லி கடுதாசி வந்துது. அப்பவும் போவல."

கோமளம் சாமிதுரையின் கட்டத்துக்குள் 'சிறை, 1967–69' என்று எழுதினாள். கனகாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நல்லமுத்து சட்டென்று அந்தத் தாளின் மேல் கையை வைத்தான்.

"அடிச்சது நான்."

குரல் கரகரத்தது. கனகா திரும்பிப் பார்த்தாள்.

"அக்காவுக்கு ரெண்டு கொழந்த இருக்குது மாமா, நான் போறேன்னான். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். அவன் செத்தப்புறமாச்சும் சொல்லியிருக்கணும். வாய் வரல, கனகா."

கோமளம் எழுதியதை அழிக்க ரப்பரை எடுத்தாள். கனகா அவள் கையைப் பிடித்தாள்.

"அழிக்காதீங்கம்மா. உள்ள கெடந்தது அவந்தான்."

மறுநாள் புருஷனை வார்டில் விட்டுவிட்டு, தனியாகக் கடலூர் பஸ் ஏறினாள். ஜெயில் ஆபீசில் குமாஸ்தா பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"சொந்தக்காரங்க யாரும் வரலைன்னு இருக்குது. இங்கயே பொதைச்சிருக்காங்க. நீங்க யாரு?"

"அக்காங்க. நான்தான் வரல."

மதிலுக்குப் பின்னால் ஒரு பொட்டலைக் காவலர் காட்டினார். கருவேல முள்ளுக்கு நடுவே ஏழெட்டு மண்மேடுகள் கிடந்தன. எது சாமிதுரையுடையது என்று அவருக்கும் தெரியவில்லை. கனகா முதல் மேட்டருகே உட்கார்ந்து, "தம்பி" என்று கூப்பிட்டு அழத் தொடங்கினாள்.